பேரியாற்று நீரும் நன்றிக் கடனும்

தை பிறந்தால் கம்பம் பள்ளத்தாக்கின் உழவர்கள் கதிரவனுக்கு வைக்கும் பொங்கலோடு நில்லாமல், இன்னொருவருக்கும் பொங்கல் வைக்கின்றனர். அவர் ஜனவரி 15 ஆம் நாள் பிறந்த கர்னல் ஜான் பென்னிகுயிக் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்பில் 2013 ஆம் ஆண்டு தமிழக அரசு அவருக்கு மணிமண்டபம் எழுப்பித் திறந்தது. தேனிப் பேருந்து நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2022 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கேம்பர்லி நகரிலும் அவருக்கு ஒரு சிலை வைக்கப்பட்டது. மாலையும் படையலும் நம் மார்க்கத்தில் இல்லை. அவை பற்றியன்று நம் பேச்சு. ஆயினும் இப்பகுதியின் முஸ்லிம் வீடுகளிலும் அப்பெயரை மரியாதையின்றிச் சொல்வாரில்லை என்பதை நாம் அறிவோம். ஆளவந்த அந்நிய அரசின் ஊழியர் ஒருவருக்கு, அவ்வரசால் அடிமைப்பட்டோரின் பேரப்பிள்ளைகள் நன்றி பாராட்டுவது அறத்திற்கு ஒக்குமா என்பதே இங்கு நாம் எடுத்துக்கொண்ட கேள்வி.

முதலில் அவர் செய்த காரியம் இன்னதென்று பார்த்துவிடுவோம். மலைக்கு அப்பால் பெருமழை கொட்டுகிறது. இப்பால் மழை மறைவுப் பிரதேசம். பெரியாறோ மேற்கு நோக்கி ஓடி அரபிக் கடலில் கலக்கும் ஆறு. அதைத் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினால் வைகை செழிக்கும் என்ற எண்ணம் வெள்ளைக்காரர் மூளையில் உதித்ததன்று. 1789 ஆம் ஆண்டிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை ஆட்களை அனுப்பி இடம் பார்த்து வந்தார். பொருள் போதாமையால் அது நின்றது. 1808 ல் கால்டுவெல் என்னும் கேப்டன் மலையேறிப் பார்த்து, நடவாத காரியம் என்று எழுதிவிட்டார். பின்னர் 1887 ல் வேலை தொடங்கி 1895 ல் முடிந்தது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கருங்கல்லுமாக எழுந்த அந்த அணைக்குப் பின்னால் தேங்கிய நீர், 5,704 அடி நீளச் சுரங்கத்தின் வழியே மலையைத் துளைத்து வந்து, இரைச்சல் பாலத்தில் தன் பெயருக்கேற்ப இரைந்து இறங்கியது. பிற்காலத்தில் அந்நீரையே குழாய்களில் செலுத்தி லோயர் கேம்ப்பில் மின்சாரமும் எடுக்கலாயினர். கூடலூர்ப் பக்கமிருந்து பழனிசெட்டிபட்டி வரை இந்நீரால் இருபோகம் விளையும் நிலம் 14,707 ஏக்கர். அதற்கும் கீழே மதுரையும் மேலூரும், சிவகங்கை, இராமநாதபுரத்துக் கடைமடைகளும் இருக்கின்றன. நாம் ஒளூச் செய்யும் நீரும் மலையிலிருந்து வந்ததே.

இனி மறுபக்கம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தில் மாண்டோர் அரைக் கோடிக்கும் மேற்பட்டோர் என்பர். அப்பஞ்சத்தின் நடுவே, 1877 ஜனவரி முதல் நாள், டில்லியில் விக்டோரியா மகாராணியைப் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் நடந்தது. பஞ்ச நிவாரண வேலைக்கு வந்த ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் அற்பக் காசும் போதும் என்று ஸர் ரிச்சர்டு டெம்பிள் படி அளந்தார். துறைமுகங்களில் தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. இந்தப் பஞ்சத்திற்குப் பிறகுதான் பெரியாற்றுத் திட்டத்திற்கு உயிர் வந்தது. அதிலும் இரக்கம் மட்டும் வேலை செய்யவில்லை. போட்ட முதலுக்குத் தீர்வையாக எவ்வளவு திரும்பும் என்ற கணக்கும் கூடவே இருந்தது. பென்னிகுயிக்கின் தந்தையும் ஓர் அண்ணனும் 1849 ல் பஞ்சாபைப் பிடிக்கும் போரில், சில்லியன்வாலாவில், ஒரே நாளில் மடிந்தவர்கள். மகன் பிறந்ததும் பூனாவில். ஆக, பேரரசின் வாளும் அதன் அளவுகோலும் ஒரே குடும்பத்திலிருந்தே வந்தன.

நிலம் பெற்ற விதத்தையும் நோக்க வேண்டும். 1886 அக்டோபர் 29 ஆம் நாள் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் இந்தியா மந்திரிக்கும் இடையே ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. எண்ணாயிரம் ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு ஐந்து ரூபாய், காலம் 999 ஆண்டுகள். தன் தலைநகரிலேயே பேரரசின் ரெஸிடெண்ட் ஒருவரை அமர்த்தி வைத்துக்கொள்ள வேண்டிய நிலையிலிருந்த சமஸ்தானம் அது. குத்தகைக்கு இரு தரப்பின் மனப்பொருத்தம் வேண்டும் என்று ஃபிக்ஹு நூல்களில் ஓதியவர்கள், இவ்வொப்பந்தத்தில் அது எத்தனை பங்கு இருந்திருக்கும் என்று தாமே எண்ணிப் பார்க்கலாம். அக்காடுகளில் காலங்காலமாக வாழ்ந்த மன்னான், பளியர் முதலிய மலைமக்கள் அப்பத்திரத்தில் எந்தத் தரப்பும் அல்லர்.

நம்மிடம் ஓதும் மாணவர் ஒருவர், பாடம் நடுவே இதைக் கேட்டார்: “ஹஜ்ரத், நேற்றுத் தாங்கள் இமாம் கஸ்ஸாலியின் இஹ்யாவில் ஷுக்ரு பற்றிய பாடம் சொன்னீர்கள். அரசன் கொடை வழங்கினால், உத்தரவு எழுதிய பேனாவுக்கும் காகிதத்துக்கும் யாரும் நன்றி சொல்வதில்லை என்று இமாமவர்கள் எழுதியிருக்கிறார்கள். வெள்ளைக்கார அரசாங்கம் தன் இலாபத்துக்கு அணை கட்டிற்று. பென்னிகுயிக் அதன் பேனா. பேனாவுக்கு ஏன் நன்றி?”

நல்ல கேள்வி, பாடத்தைக் காதால் மட்டும் கேட்ட பிள்ளை கேட்கக் கூடியதன்று. ஆனால் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அந்த உவமையைச் சொன்னது, உள்ளம் இடையில் நிற்கும் படைப்புகளிலேயே தங்கிவிடாமல் உண்மையான ஈகையாளனாகிய இறைவன்பால் திரும்ப வேண்டும் என்பதற்காக. ஒரு மனித அரசை அவ்விடத்தில் வைத்து, அதன் ஊழியர்கள் எல்லோரையும் பேனாவாக்கிவிட அந்த உவமை இடம் கொடாது. மேலும், மனிதர்க்கு நன்றி பாராட்டாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி பாராட்டியவராகார் என்னும் கருத்துப்பட வந்துள்ள நபிமொழியையும் அதே மாணவர் ஓதியிருக்கிறார்.

பேனாவுக்கு விருப்பம் இல்லை; மனிதனுக்கு உண்டு. பஞ்ச காலத்தையே எடுத்துக்கொள்வோம். டெம்பிள் அளந்த படியை ஏற்காமல், இது உழைக்கும் உடலைத் தாங்காது என்று எதிர்த்து எழுதியவர் சென்னை மாகாணச் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ். இருவரும் ஒரே அரசின் சம்பளக்காரர்கள். ஒரே கொடியின் கீழ் நின்றவர்கள். ஒருவர் படியைக் குறைத்தார். மற்றவர் கூட்டச் சொன்னார். இருவரும் பேனாவென்றால் இந்த வேற்றுமை எங்கிருந்து வந்தது? அவ்வாறே, வெள்ளம் தற்காலிகத் தடுப்புகளை அடித்துச் சென்றபோதும், மலைக் காய்ச்சல் ஆட்களை விரட்டியபோதும் வேலையை விடாது நின்றது ஒரு மனிதரின் தேர்வு. அந்தத் தேர்வுக்கு நன்றி உண்டு. அவரை அனுப்பிய ஆட்சிக்கு அதனால் மன்னிப்புச் சீட்டு கிடைப்பதில்லை. இரண்டும் வெவ்வேறு பேரேடுகள்.

இவற்றைக் கலந்துவிடுவதால் வரும் கேட்டைக் காண நாம் அக்கால அமெரிக்காவைச் சற்றே பார்க்க வேண்டும். இங்கே பெரியாற்றில் கல் அடுக்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அங்கே இரும்பும் இரயிலும் பெருகிச் சிலர் கையில் செல்வம் மலைபோல் குவிந்தது. பென்ஸில்வேனியா மாநிலத்தில் ஜான்ஸ்டவுன் என்ற ஆலைநகர். அதற்கு 14 மைல் மேலே பழைய மண்ணணை ஒன்று. பெருஞ்செல்வர் சங்கம் ஒன்று அதை வாங்கி, மீன்பிடிக்கவும் படகு விடவும் உல்லாச ஏரியாக்கியது. எஃகு வேந்தர் ஆண்ட்ரூ கார்னெகியும் நிலக்கரிச் செல்வர் ஹென்றி ஃப்ரிக்கும் அதன் உறுப்பினர்கள். வண்டி போக வசதியாக அணையின் தலையைத் தாழ்த்தினார்கள். வளர்த்த மீன்கள் தப்பாதபடி கலிங்கில் வலையடைப்பு வைத்தார்கள். 1889 மே 31 ஆம் நாள் பெருமழையில் அணை உடைந்தது. மாண்டவர் 2,209 பேர். சங்கம் ஆயிரம் கம்பளிகளை அனுப்பிற்று. வழக்குத் தொடுத்தோர்க்கு நீதிமன்றத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. நடந்தது இறைவன் செயல் என்று சட்டம் கைகழுவிக்கொண்டது. அடியானின் செயலுக்குக் ‘கஸ்பு’ என்று ஒரு சொல்லை நம் கலாம் அறிஞர்கள் வைத்துச் சென்றது, இத்தகைய இடங்களில் மனிதன் தன் சுமையை இறைவன்மேல் ஏற்றித் தப்பாதிருப்பதற்காகவும் அன்றோ!

பின்னர் கார்னெகி ஜான்ஸ்டவுனுக்கு அழகான நூலகம் ஒன்றைக் கட்டிக் கொடுத்தார். உலகெங்கும் அவர் பொருளால் எழுந்த நூலகங்கள் 2,500 க்கும் மேற்பட்டவை. 1892 ல் அவருடைய ஹோம்ஸ்டெட் ஆலையில் கூலிக்காக நின்ற தொழிலாளர்மீது கூலிக் காவலர் ஏவப்பட்டு, இரு தரப்பிலுமாகப் பத்துப் பேராவது மடிந்தனர். நூலகத்தில் படித்து உயர்ந்த ஏழைப்பிள்ளை கார்னெகிக்கு நன்றி சொல்லட்டும். அது அவன் கடமை. ஆனால் ஹோம்ஸ்டெட் விதவையின் கணக்கை அவன் அடைத்துத் தீர்க்க முடியாது. நன்மை செய்தவர் என்பதால் தீமை இல்லையென்பதும், தீமை செய்தவர் என்பதால் நன்மையை மறுப்பதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள்.

வள்ளுவர் செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தில், நன்மையை மறவாமலும் அல்லாததை அன்றே மறந்தும் வாழச் சொல்கிறார். அவ்வறவுரையைத் தலைமேல் கொள்கிறோம். எனக்கு இழைத்த தீங்கை நான் மறக்கலாம், அது பெருந்தன்மை. அண்டை வீட்டானுக்கு இழைத்த தீங்கை நான் மறப்பது பெருந்தன்மையாகுமா? அடியார்களின் உரிமையாகிய ‘ஹக்குல் இபாத்’தை உரியவர் மட்டுமே மன்னிக்கலாம் என்பது நம் சட்டம். தாது வருடத்தில் மடிந்தவர் சார்பாகவோ, காட்டை இழந்த மன்னான் சார்பாகவோ, 1920 ஏப்ரல் 3 ஆம் நாள் உசிலம்பட்டிக்கு அண்மைப் பெருங்காமநல்லூரில் குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து நின்று, ஒரு பெண் உட்படப் பதின்மருக்கும் மேலாகச் சுடப்பட்டு வீழ்ந்தோர் சார்பாகவோ, நெல் அறுக்கும் நாம் ரசீது எழுதிக் கொடுக்க இயலாது.

நன்றி பற்றிப் பேசுகையில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பணம் தீர்ந்தபோது பென்னிகுயிக் இங்கிலாந்தில் இருந்த தம் குடும்பச் சொத்தை விற்று அணையை முடித்தார் என்று ஊர்தோறும் சொல்கின்றனர், மேடைகளிலும் முழங்குகின்றனர். திட்டத்தில் பணியாற்றிய மெக்கன்ஸி 1899 ல் வெளியிட்ட வரலாறு, அரசாங்கச் செலவில் நடந்த வேலையாகவே இதைக் காட்டுகிறது. சொத்தை விற்ற கதை இல்லாவிட்டால் நன்றி குறைந்துவிடும் என்று ஏன் அஞ்ச வேண்டும்? சம்பளம் வாங்கியவர், வாங்கிய சம்பளத்துக்கும் மேலாக உழைத்தார் என்பதே போதாதா? கூலி வேலையை ஒழுங்காகச் செய்பவனை மதிக்கத் தெரியாத சமுதாயந்தான் எல்லோரையும் தியாகியாக்கிப் பார்க்க விரும்புகிறது.

கூலி என்றதும் நினைவுக்கு வருவது அங்கே வேலை செய்த மற்றவர்கள். சென்னைப் பயனியர் பட்டாளத்தினர், கொச்சித் தச்சர்கள், சமவெளியிலிருந்து மலையேறிய ஆண்களும் பெண்களும். நோயால் மட்டும் 483 பேர் மாண்டு அணையருகே அடக்கமாயினர். சாராயம் இல்லாவிடில் அவ்வணையே எழுந்திராது என்று கூட அக்காலத்தார் சொல்லியிருக்கின்றனர். மது விலக்கைப் போதிக்கும் நாம் அதைப் படித்தபோது கோபம் கொள்ளவில்லை, அக்குளிரையும் காய்ச்சலையும்தான் நினைத்தோம். இவர்களும் பேனாக்கள் அல்லர். ஒரு பெயரோடு நின்றுவிடும் நன்றி, சிலை வைக்க எளிது, அவ்வளவே.

இதில் இன்றைக்கும் ஒரு சிக்கல் உண்டு. 1970 ல் இரு மாநிலங்களும் குத்தகையைப் புதுப்பித்து, ஏக்கருக்கு முப்பது ரூபாய் என்று வாடகையை உயர்த்தின. 1979 ல் குஜராத்தின் மோர்வியில் அணை உடைந்த பின்னர்க் கேரளத்தில் அச்சம் எழுந்து, நீர்மட்டம் 136 அடிக்கு இறக்கப்பட்டது. வலுப்படுத்தும் வேலைகள் நடந்தன. உச்ச நீதிமன்றம் 2014 ல் 142 அடிக்கு உறுதியாக இசைவளித்தது. சட்டத்தால் நம் பக்கம் வலுவானது. ஆயினும் வண்டிப்பெரியாற்றில் அணைக்குக் கீழே குடியிருக்கும் தாய் மழைக்கால இரவில் விழித்திருக்கிறாள். அவ்வச்சத்தைப் பகைவரின் சூழ்ச்சியென்று நம் பக்கத்தில் சிலர் எள்ளுவதைக் கேட்டிருக்கிறோம்; அப்பக்கத்திலும் இங்குள்ள உழவரின் வயிற்றைப் பற்றிக் கவலையற்றுப் பேசுவோர் உண்டு. ஜான்ஸ்டவுனிலும், அணை உடையும் என்று ஆண்டுதோறும் சொல்லக் கேட்டுச் சிரித்துப் பழகியிருந்தனர். நம் அணை அந்த மண்ணணை அன்று. சோதித்துச் சோதித்து உறுதி செய்யப்பட்டது. ஆனால் அதை அண்டை வீட்டாரிடம் பொறுமையாக, பத்தாம் முறையும் விளக்கிச் சொல்வது, நீர் பெற்றவர் மேலுள்ள கடனில் சேர்ந்ததே.

கூடலூரிலிருந்து மணிமண்டபத்திற்குப் பேருந்தில் சிறிது நேரத்தில் போய்விடலாம். 483 பேர் கிடக்கும் இடமோ மலைக்கு மேலே, புலிகள் காப்பகத்தின் காட்டுக்குள், எளிதில் போக முடியாத தொலைவில் இருக்கிறது. தையில் லோயர் கேம்ப்புக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், அங்கே நின்று மேற்கே மலையைக் காட்டி, அவர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லலாம்.