மணியும் மனமும்

யாருமில்லாத அறையொன்றில் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. அதனைக் கண்ட ஒருவர் எழுந்து சென்று அணைக்கிறார். மற்றோர் அறையில், சுவரில் பொருத்திய உணர்கருவி ஆளில்லை என்பதை அறிந்து தானே விளக்கை அணைத்துவிடுகிறது. மிஞ்சிய மின்சாரம் இரண்டிலும் ஒன்றே. அறமும் ஒன்றுதானா?

இது வெறும் சொல் விளையாட்டன்று. சட்டமே இவ்வினாவை இன்று நம்முன் கொணர்ந்து நிறுத்தியுள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2018ஆம் ஆண்டில் தன் கட்டட ஆற்றல் விதிகளைத் திருத்தியது. 290 கிலோவாட்டுக்கு மேற்பட்ட திறனுடைய வெப்பமூட்டும் அல்லது குளிரூட்டும் அமைப்புகளைக் கொண்ட, குடியிருப்பல்லாத கட்டடங்களில், தொழில்நுட்பமும் செலவும் இடங்கொடுக்குமாயின், 2025க்குள் தானியங்கிக் கட்டுப்பாட்டு அமைப்பு இருத்தல் வேண்டும் என்றது. 2024இல் மீண்டும் திருத்தி, 2029ஆம் ஆண்டின் இறுதிக்குள் அவ்வரம்பை 70 கிலோவாட்டாகக் குறைக்கப் பணித்தது. நம் நாட்டிலும், சிலாங்கூர் மாநிலம் 2012இல் தன் கட்டடத் துணைச் சட்டங்களில் 38ஏ என்னும் பிரிவைச் சேர்த்து, 4,000 சதுர மீட்டருக்கு மேல் குளிரூட்டப்படும் புதிய வணிகக் கட்டடங்களுக்கு ஆற்றல் மேலாண்மை அமைப்பைக் கட்டாயமாக்கிற்று.

இதனை மறுப்போர் கூறுவதில் பொருளில்லாமல் இல்லை. ஜெர்மானிய மெய்யியலறிஞர் கான்ட், 1785இல் வெளிவந்த தம் நூலில், கடமைக்கு ஒத்த செயலையும் கடமையுணர்வினால் பிறக்கும் செயலையும் பிரித்துக் காட்டினார். விலையறியாச் சிறுவனிடமும் சரியான விலையே பெறும் வணிகர், தம் கடையின் நற்பெயருக்காகவே அவ்வாறு செய்திருக்கலாம். செயல் நேர்மையானது, எனினும் அதனை அறம் எனத் துணிய முடியாது என்பது அவர் கருத்து. உணர்கருவிக்கோ அந்தத் தன்னல நோக்கமும் இல்லை. வகுப்பை விட்டு நீங்கும்போது மின்விசிறியை நிறுத்து என்று நாம் மாணவர்க்கு நாள்தோறும் சொல்வது, சில காசு மிச்சத்திற்காக மட்டுமா? பிறர் பொருளைத் தன் பொருள்போல் பேணும் பழக்கம் கையின் வழியாக மனத்தில் இறங்க வேண்டும் என்பதற்காகவன்றோ! கைக்கு வேலையில்லையெனில் மனம் எங்ஙனம் பழகும்?

இவ்வாதம் வகுப்பறைக்குப் பொருந்தும். முப்பது மாடிக் கட்டடத்திற்குப் பொருந்தாது. அங்கே ஆற்றல் வீணாவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. குளிர்நீர்க் குழாயின் அடைப்பிதழ் ஒன்று மூடாமல் சிக்கிக்கொண்டால், ஆளற்ற தளம் இரவு முழுவதும் குளிர்ந்துகொண்டேயிருக்கும். ஐரோப்பியக் கட்டடங்களில் ஒரே கூடத்தை ஒருபுறம் வெப்பமூட்டியும் மறுபுறம் குளிரூட்டியும் இரு பொறிகள் ஒன்றோடொன்று போராடுவதும் உண்டு. எத்துணை நல்லவரும் தாம் காணாததைத் திருத்த இயலாது. இனி, காண்பதையாவது திருத்துகிறோமா? அரசு அலுவலகங்களில் 24 பாகைக்குக் கீழே குளிர்விக்கலாகாது என 2011இல் நம் அரசு பணித்தது. வெயில் கொளுத்தும் இந்நாட்டில், அதன் பின்னரும் நாற்காலிகளின் முதுகில் தொங்கிய கம்பளிச் சட்டைகள், அப்பணிப்பு எவ்வளவு கேட்கப்பட்டது என்பதற்குச் சான்று.

ஆயினும், இயந்திரம் அறத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று சொல்வதும் பிழையே. அச்சட்டங்களை ஊன்றிப் படிப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். அமைப்பானது ஆற்றற் பயனீட்டைத் தொடர்ந்து கண்காணித்துப் பதிய வேண்டும். திறன் குறையும் இடத்தைக் கண்டறிய வேண்டும். கண்டறிந்ததைக் கட்டடத்திற்குப் பொறுப்பானவரிடம் தெரிவிக்கவும் வேண்டும் என்கிறது ஐரோப்பிய விதி. 2025 சனவரி முதல் நாள் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த ஆற்றல் திறன், சேமிப்புச் சட்டமும், ஓராண்டில் 21,600 கிகாஜூலுக்குக் குறையாது பயன்படுத்துவோர் ஆற்றல் மேலாளர் ஒருவரை அமர்த்த வேண்டும் என்கிறது. இரண்டு சட்டங்களும் கருவியோடு நின்றுவிடாமல் ஒரு மனிதரைத் தேடுகின்றன.

நமக்கு இது புதிதன்று. மனுநீதிச் சோழன் அரண்மனை வாயிலில் கட்டியிருந்த ஆராய்ச்சி மணியும் ஒரு கருவியே. வாய்பேசாப் பசுவும் அதனை அசைக்க முடிந்தது. அதுவே அக்கருவியின் சிறப்பு. மணி நீதி வழங்கவில்லை. நீதி வழங்க வேண்டியவன் கேட்கவில்லை என்று சொல்ல முடியாதபடி செய்தது. ஒலி எழுந்த பின் சோழன் எழாதிருந்தால், அம்மணியைப் பற்றி இன்று எவரும் பேசியிருக்க மாட்டார்.

எனவே அஞ்சத்தக்கது கருவியன்று. "கணினி அணைத்துவிட்டது, நான் என்ன செய்வேன்" என்னும் சொல்லே. இச்சொல்லுக்கு இரையாவோர் பெரும்பாலும் குரலற்றவர்கள். அலுவலர்கள் மாலையில் வீடு திரும்பியதும், வகுத்த நேரப்படி குளிர்சாதனம் நிற்கிறது. திறக்கவியலாக் கண்ணாடிச் சுவர்களுக்குள் அதன் பின்னர்த்தான் துப்புரவுப் பணியாளர் தம் வேலையைத் தொடங்குகின்றனர். அவர்களுள் வயது முதிர்ந்த நம் பெண்களும் உளர். பதிவேட்டில் அந்நேரம் சேமிப்பாகக் காட்டப்படும். அச்சேமிப்பின் விலையை வியர்வையாகச் செலுத்துவோர் அங்கே எண்ணப்படுவதில்லை. கட்டட உரிமையாளர் கொடியவர் என்பதன்று காரணம். நேர அட்டவணையை எழுதியவருக்கு அவர்கள் நினைவுக்கு வரவில்லை.

அவர்கள் கூட்டும் தளத்திற்கு மட்டும், கூட்டும் நேரத்திற்கு மட்டும், காற்றோட்டத்தை விட்டுவைக்க இத்தகைய அமைப்புகளில் வழி உண்டு. யாரேனும் ஒருவர் அவர்களிடம் சென்று, எந்தத் தளத்தை எந்நேரத்தில் கூட்டுகிறீர்கள் அம்மா என்று கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும்.