கட்-ஆஃபுக்கு வெளியே இருப்பவர்கள்

ஆன்லைனில் அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. தேர்வு வகுப்பு நடத்தும் நண்பர்களோடு பேசினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது: "சலிப்பா இருக்குங்க." அறிவிக்கை வந்த மாதம் அட்மிஷன் குவியும். தேர்வு முடிந்ததும் வாட்ஸாப் குழு கலைந்துவிடும். இடைப்பட்ட நாட்களில், கேமரா அணைத்த கறுப்புக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டே கூட்டுவட்டி நடத்த வேண்டும். சிறிய அளவில் நானும் இதே தொழிலில் இருப்பதால், ஊக்கம் குறையாமல் இருப்பது எப்படி என்பது எனக்கும் அன்றாடக் கேள்வி.

வகுப்பறையில் ஆசிரியருக்குக் கிடைத்த முதல் சம்பளம் மாணவரின் முகம். மூன்றாவது பெஞ்சில் ஒரு நெற்றி சுருங்கினால், அதே கணக்கை வேறு வழியில் போட்டுக் காட்டுவார். நெற்றி விரிந்ததும் அவருக்கும் தெம்பு வரும். திரையில் அந்த முகம் இல்லை. அது இருந்த இடத்தில் எண்கள் வந்து உட்கார்ந்துகொண்டன: எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் பணம் கட்டினார்கள். பணம் ஊக்கத்தை என்ன செய்கிறது என்பது பற்றி எட்வர்ட் டெசி என்ற அமெரிக்க உளவியலாளர் 1971இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். துண்டுகளைச் சேர்த்து உருவம் அமைக்கும் புதிரை மாணவர்களிடம் கொடுத்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் சில நேரம் பணம் தந்தார். பணம் நின்றதும் அவர்களுக்குப் புதிரின்மேல் முன்பிருந்த ஆர்வமும் குறைந்துபோனது. கட்டணம் வாங்காமல் வகுப்பு நடத்த முடியாது. ஆனால் அன்றைய வசூலே நடத்துவதற்கான காரணமாகிவிட்டால், வசூல் இறங்கும் நாளில் குரலும் இறங்கிவிடும்.

இதைவிடக் கனமான எண் ஒன்று உண்டு. 2024 குரூப் 4 அறிவிக்கையில் 6,244 காலியிடங்கள். விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். பிறகு இடங்கள் கூட்டப்பட்டாலும் கணக்கின் தன்மை மாறவில்லை. தமிழ்நாட்டில் உள்ள எல்லா ஆசிரியர்களும் அற்புதமாக நடத்தினாலும் பெரும்பாலோருக்கு அந்த வேலை கிடைக்காது. நம் விளம்பரங்களோ தேர்வானவர்களின் படங்களை மட்டும் வரிசையாக அடுக்குகின்றன. "நீங்களும் சாதிக்கலாம்" என்று நூறு பேரிடம் ஒரே குரலில் சொல்லிவிட்டு இரவு கணினியை மூடும்போது வருகிற அயர்ச்சிக்கு நெடுநேரம் பேசியது மட்டும் காரணமில்லை. முழுதாக நம்பாத ஒன்றை நம்புவதுபோலப் பேசியதும் அதில் சேர்ந்திருக்கிறது. ஊக்கப்பேச்சுக் காணொளி எதைப் பார்த்தாலும் இந்த அயர்ச்சி போகாது.

திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிப்ட் முடித்துவிட்டு என் வகுப்புக்கு வருவார் ஒரு பெண். எட்டாம் வகுப்பிலிருந்தே கணக்கு என்றால் பயம். ஒருநாள் நோட்டைப் படம் எடுத்து அனுப்பினார்: "சார், விடை வந்துருச்சு." தேர்வில் அவர் கட்-ஆஃப் மதிப்பெண்ணை எட்டவில்லை. பிறகு ஒருமுறை பேசியபோது, தான் வாரா வாரம் கட்டும் குழுக்கடனுக்கு உண்மையில் என்ன வட்டி விழுகிறது என்று தானே போட்டுப் பார்த்ததாகச் சொன்னார். அடுத்த கடனை அவர் எடுக்கவில்லை.

இதைச் சொல்லி என்னை நானே தேற்றிக்கொள்ள முடியாது. அவர் பணம் கட்டியது வேலைக்காக. வட்டிக் கணக்குக்காக இல்லை. அதனால் முதல் வகுப்பிலேயே காலியிடம் எவ்வளவு, போட்டி எவ்வளவு என்பதைப் பலகையில் எழுதிவிடுகிறேன். தொடர்ந்து எழுதியும் மதிப்பெண் நகராதவரிடம், வேறு வேலை பார்த்துக்கொண்டே படிக்கச் சொல்கிறேன். இதனால் சில அட்மிஷன்கள் போகின்றன. ஆனால் மீதமிருப்பவர்களிடம் பேசும்போது வார்த்தை தடுமாறுவதில்லை.

இன்னொரு மாற்றமும் செய்தேன். ஒற்றை அறை வீட்டில் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து படிப்பவர் கேமராவைப் போடத் தயங்குவார். அவரிடம் "முகம் வேண்டாம், நோட்டைக் காட்டுங்க" என்றேன். அடித்துத் திருத்திய வரி எங்கே இருக்கிறதோ, அங்கேதான் அவர் குழம்பியிருக்கிறார். வகுப்பறையில் சுருங்கிய நெற்றி சொன்னதை இந்த அடித்தல் சொல்லிவிடுகிறது. கட்டணம், விளம்பரம், பார்வை எண்ணிக்கை எல்லாவற்றையும் வாரத்தில் ஒரு மாலைக்கு ஒதுக்கிவிட்டேன். வகுப்புக்கு முன்னால் அவற்றைத் திறப்பதில்லை.

இவற்றால் சலிப்பே வருவதில்லை என்று சொல்ல மாட்டேன். வருகிறது. வரும் நாளில், இந்த வாரம் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தேன் என்று பார்க்கிறேன். கொடுத்திருக்கக் கூடாத வாக்கு என்றால், அன்றே அவரைக் கூப்பிட்டுத் திருத்திச் சொல்ல வேண்டும். சரியான வாக்கு என்றால், மனம் உற்சாகமாக இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் வகுப்பைத் தொடங்கிவிட வேண்டியதுதான்.