கணியம்

சீஃபோர்டு ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் அவன் முதலில் செய்தது முகத்தைத் திருப்பித் திருப்பிக் காற்றைப் பார்த்ததுதான். "கச்சானாக்கும் மக்கா" என்றான். மேல்திசையிலிருந்து வரும் காற்று. நாங்கள் போக வேண்டியது கிழக்கே, ஈஸ்ட்போர்ன் வரை, ஏறக்குறைய 22 கிலோமீட்டர். நாள் முழுக்க முதுகைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே வரும் என்று சொன்னான். ஜூன் கடைசி வாரம். ஒன்பது மணிக்கு மேல்தான் பொழுது சாயும்.

ஈஸ்ட் ஹாமில் ஆறு வருடமாக ஒரே தெருவில் இருக்கிறோம். அவனுக்கு ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் இரவு வேலை, எனக்குப் பகல் வேலை. நான் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவன் வந்துகொண்டிருப்பான். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நின்று பேசிய பேச்சுகள்தான் எங்கள் நட்பு. ஒரு முழு நாளை இருவரும் சேர்ந்து கழித்ததில்லை. இதுதான் முதல் தடவை.

அவன் குமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்காரன், மீன்பிடிக்கும் வீட்டில் பிறந்தவன். நான் அரியலூர்ப் பக்கம். பதினான்கு வயது வரை நான் கடலைப் பார்த்ததில்லை.

*

சீஃபோர்டு ஹெட் மேட்டில் ஏறி மறுபக்கம் இறங்கத் தொடங்கும் இடத்தில் அந்தக் காட்சி திறக்கிறது. முன்னால் கடற்காவலர்களுக்காகக் கட்டிய பழைய குடில்கள், அவற்றுக்குப் பின்னால் செவன் சிஸ்டர்ஸ் என்னும் வெள்ளைப் பாறைச் சுவர், அலை அலையாக. நாட்காட்டிகளில் பலமுறை பார்த்த படம்தான். ஆனால் படத்தில் வானம்பாடியின் சத்தம் இல்லை. ஒரு பறவை கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் நின்றுகொண்டு மூச்சே வாங்காமல் பாடிக்கொண்டிருந்தது. எங்கே என்று தேடித் தேடிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். அவன் தேடவில்லை, கேட்டுக்கொண்டு நின்றான்.

இந்தப் பாறை முழுக்கச் சுண்ணாம்பு. கண்ணால் பார்க்க முடியாத அளவு சிறிய கடற்பாசிகளின் ஓட்டுத் தகடுகள் எட்டரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஒரு வெதுவெதுப்பான கடலின் அடியில் படிந்து படிந்து இறுகியவை. இடையிடையே சிக்கிமுக்கிக் கற்கள் கறுப்புக் கோடுகளாக ஓடுகின்றன. விழுந்து கிடந்த ஒரு துண்டை எடுத்துத் தேய்த்தேன். விரலில் மாவாக ஒட்டியது.

அதே காலத்தில் எங்கள் அரியலூரும் கடலுக்கடியில்தான் இருந்தது. உழும்போது சிப்பிகளும், சுருள் சுருளாக நத்தை போன்ற கற்களும் கிடைக்கும். சிறுவர்கள் அதை வைத்துப் பாண்டி விளையாடுவோம். இன்று அந்தச் சுண்ணாம்பைத்தான் சிமெண்டு ஆலைகள் வெட்டிக்கொண்டு போகின்றன. இதைச் சொன்னபோது அவன் நின்று என்னைப் பார்த்தான். "அப்போ நீயும் கடக்கரைக்காரன்தான மக்கா" என்றான். அவன் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது. ஏன் என்று இப்போதும் சரியாகத் தெரியவில்லை.

*

கக்மியர் ஆறு கடலில் சேரும் இடத்தில் பாலம் இல்லை. எதிர்க்கரை நூறு எட்டில் இருக்கிறது, ஆனால் அங்கே போக உள்ளே எக்ஸீட் பாலம் வரை நடந்து, மறுகரையில் அதே தூரம் திரும்பி வர வேண்டும். ஒரு மணி நேரத்துக்கும் மேல். நான் சலித்துக்கொண்டேன். நீர் வற்றும் நேரம்தானே, இறங்கிக் கடந்துவிடலாமா என்று கேட்டேன். அவன் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "நீவாடு இழுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாலத்தை நோக்கி நடந்தான். நீரோட்டத்துக்கு அவர்கள் ஊர்ச் சொல் அது.

சுற்றிப் போனதால்தான் அந்த வளைவுகளைப் பார்க்கக் கிடைத்தது. புல்வெளி நடுவே ஆறு பாம்பைப் போல நெளிந்து கிடக்கிறது. ஆனால் அதில் ஓட்டம் இல்லை. 1846-இல் நேராக ஒரு கால்வாய் வெட்டி ஆற்றை அதன் வழியே விட்டுவிட்டார்கள். பழைய வளைவுகள் அப்படியே தங்கிவிட்டன, தண்ணீரோடு, ஆற்றின் வடிவத்தோடு. ஒரு கொக்கு அதில் நின்றுகொண்டிருந்தது.

பாலத்தைத் தாண்டி உட்கார்ந்து சாப்பிட்டோம். அவித்த மரச்சீனிக்கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் அவன் கொண்டுவந்தது. நான் புளிச்சோறு. மாற்றிக்கொண்டோம்.

*

ஹேவன் பிரோ, ஷார்ட் பிரோ, ரஃப் பிரோ, பிராஸ் பாயிண்ட். ஒவ்வொரு முகட்டுக்கும் ஒரு பெயர். ஏழு சகோதரிகள் என்கிறார்கள், பெயர்களை எண்ணினால் எட்டு வருகிறது. ஏறுவதும் இறங்குவதும்தான். இறக்கத்தில் முட்டி வலிக்கிறது, ஏற்றத்தில் மூச்சு முட்டுகிறது. ஆடுகள் மேய்ந்து மேய்ந்து புல்லைப் பாய் போல ஆக்கி வைத்திருக்கின்றன.

இரண்டாவது ஏற்றத்துக்குப் பிறகு பேச்சு தானாக நின்றுபோனது. அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேல் இருவரும் ஒன்றும் பேசவில்லை. தெருவில் நின்று பேசும் பத்து நிமிடத்தில் ஒரு நொடி இடைவெளி விழுந்தாலும் அதை நிரப்பத் தவிப்போம். இங்கே அந்தத் தவிப்பு இல்லை. அவன் கால் வைப்பது காதில் விழுகிறது, அதுவே போதுமாக இருக்கிறது.

விளிம்பு ஓரமாக ஒரு பழைய ஒற்றையடித் தடம் தெரிந்தது. கொஞ்ச தூரம் எங்களோடு வந்து, சட்டென்று வானத்துக்குள் போய் அறுந்து நின்றது. அதற்கடுத்து உள்வாங்கி இன்னொரு தடம். அதற்கும் உள்ளே நாங்கள் நடக்கும் தடம். யாரும் தீர்மானித்துப் போட்டதில்லை. கரை போகப் போக, நடக்கிறவர்கள் ஓர் அடி உள்ளே வைத்து நடந்திருக்கிறார்கள்.

பாறையின் காலடியில் உள்ள கல்தளத்தைச் சோதித்து இங்கே ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2016-இல் வெளிவந்தது. பல்லாயிரம் ஆண்டுகளாக இந்தக் கரை வருடத்துக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர் வரைதான் பின்வாங்கியிருக்கிறது. அண்மைய ஒன்றரை நூற்றாண்டில் அது 22 முதல் 32 சென்டிமீட்டர் ஆகியிருக்கிறது. பாறைக்கு முன்னால் அலையைத் தாங்கிக்கொண்டு கிடந்த கூழாங்கல் கரை மெலிந்துபோனதைக் காரணமாகச் சொல்கிறார்கள். நான் இதைச் சொன்னதும் அவன் தலையசைத்தான். புதிதாக ஒன்றைக் கேட்டவனின் தலையசைப்பு அல்ல அது.

*

பர்லிங் கேப். ஏழு குடில்கள் வரிசையாக 1878-இல் கட்டப்பட்டவை. கடலோரப் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போய், மிச்சம் இருப்பவை சில. வரிசையின் முனைச் சுவரைப் பார்த்தாலே அது ஒரு காலத்தில் இரண்டு வீடுகளுக்கு நடுவே இருந்த சுவர் என்று தெரிகிறது. இந்த இடத்தைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் தடுப்புச் சுவர் எதுவும் கட்டவில்லை. கடல் வரட்டும், நாம் விலகிக்கொள்வோம் என்பதுதான் இங்கே முறை.

இரும்புப் படியில் இறங்கிக் கரையில் உட்கார்ந்தோம். அவனிடமிருந்து அதுவரை வராத பேச்சு அங்கே வந்தது. அவர்கள் ஊரில் ஆனி ஆடியில் கடல் ஏறும். அவன் பிறந்த வீடு இப்போது இல்லை. கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே முன்பு மூன்று வரிசை வீடுகள் இருந்தன, வலை காயப்போட இடம் இருந்தது. தூண்டில் வளைவு போட்டுத் தாருங்கள் என்று ஊரே கேட்கும். கருங்கல்லைக் கொட்டிக் கடலுக்குள் கொக்கிபோல் நீட்டும் அந்தச் சுவர் ஓர் ஊரின் மணலைப் பிடித்து வைக்கும். கரையோரமாக நகர்ந்து அடுத்த ஊருக்குப் போக வேண்டிய மணல்தான் அது. "நமக்குக் கல்லு போட்டா அடுத்த ஊருல வீடு போவும் மக்கா. போடாட்டா நம்ம வீடு போவும். என்ன செய்யச் சொல்லுக?" என்றான்.

பதில் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். விலகிக்கொள்வதற்கு இங்கே பின்னால் புல்வெளி கிடக்கிறது. அங்கே பின்னால் அடுத்தவன் வீடு.

*

பெல் டூட் கலங்கரை விளக்கத்தின் கீழே புல்லில் படுத்துக் கிடந்தோம். 1832-இல் கட்டி, 1834-இல் ஏற்றிய விளக்கு. அதை வைத்த இடத்தில் ஒரு கணக்கு இருந்தது. விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தார்கள். தொலைவில் வரும் கப்பலுக்கு வெளிச்சம் தெரியும். கப்பல் பாறைக்கு மிக அருகே வந்துவிட்டால் விளிம்பு மறைத்து வெளிச்சம் காணாமல் போகும். வெளிச்சம் தெரியும்வரை பயமில்லை, மறைந்தால் விலகு. பிறகு விளிம்பு தேய்ந்து தேய்ந்து உள்ளே வந்தது. அருகே வந்தவனுக்கும் வெளிச்சம் தெரிய ஆரம்பித்தது. போதாததற்கு, உயரத்தில் இருந்ததால் மூடுபனியும் அடிக்கடி மறைத்தது.

இதைக் கேட்டதும் அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். அவன் அப்பாவும் இப்படித்தானாம். நடுக்கடலில் பார், அதாவது கடலடிப் பாறை, எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? கோயில் கோபுரத்தையும் வேளிமலையின் ஒரு முகட்டையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவர வேண்டும். வேறொரு திசையில் குருசடியையும் ஒரு தென்னங்கூட்டத்தையும் இன்னொரு கோட்டில் பிடிக்க வேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் வள்ளத்தை நிறுத்தினால் கீழே பாறை, பாறையில் மீன். இதற்குக் கணியம் என்று பெயர். ஒவ்வொரு பாருக்கும் ஒரு கணியம். அப்பாவின் தலைக்குள் அப்படி எத்தனையோ இருக்கின்றன. கடல் ஏறிய ஒரு வருடம் குருசடி விழுந்தது. தள்ளி வேறிடத்தில் கட்டினார்கள். தென்னைகளும் போயின. அதன்பின் ஒரு பருவம் முழுக்க அப்பா பாரைத் தேடி அலைந்திருக்கிறார். இன்று பையன்கள் ஜி.பி.எஸ். வைத்துக்கொண்டு போகிறார்கள். கணியத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

"நானும் வாங்கல்ல" என்றான்.

அங்கிருந்தே அப்பாவைக் கூப்பிட்டான். அவர்களுக்கு அப்போது இரவு ஒன்பது மணியிருக்கும். காற்று என்ன என்றுதான் முதல் கேள்வி. கச்சான் என்றான். கடல் எப்படிக் கிடக்கு? கிடப்பதைச் சொன்னான். பிறகு இந்த விளக்கின் கதையைச் சொன்னான். 1999-இல் விளிம்பு மிகவும் நெருங்கிவிட்டதால், மொத்தக் கட்டடத்தையும் ஜாக்கி வைத்துத் தூக்கி, கான்கிரீட் உத்திரங்கள் மேல் வழுக்கவிட்டு, 17 மீட்டர் உள்ளே நகர்த்தியிருக்கிறார்கள். இன்னொரு முறை நகர்த்தவும் ஏற்பாடு இருக்கிறது.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஸ்பீக்கரில் அந்தக் குரல் வந்தது. "கடலுல கெடக்கியவனுக்கு ஆரு மக்ளே சொன்னா?"

அதற்குள் சிக்னல் போய்விட்டது. மறுபடி முயன்றும் கிடைக்கவில்லை.

*

பீச்சி ஹெட், 162 மீட்டர். பிரிட்டனிலேயே உயரமான சுண்ணாம்புக் கடற்பாறை. கீழே தண்ணீருக்குள் சிவப்பு வெள்ளைப் பட்டையோடு நிற்கிறது, பெல் டூட்டுக்குப் பதிலாக 1902-இல் வந்த கலங்கரை விளக்கம். அது 43 மீட்டர் உயரம். ஆனாலும் மேலிருந்து பார்க்கையில் கைக்குள் அடங்கும்.

தொலைவில் மேற்கே வளைவிலிருந்து பார்த்தபோது நன்றாகத் தெரிந்தது. அதற்கு நேர் மேலே வந்ததும் காணோம். இன்னும் இரண்டடி, இன்னும் இரண்டடி என்று நான் என்னை அறியாமல் முன்னால் போயிருக்கிறேன். உச்சி தெரிந்தது, பிறகு சிவப்புப் பட்டை. அவன் என் தோள்பையைப் பிடித்தான். இழுக்கவில்லை, பிடித்துக்கொண்டான். இங்கே விளிம்பின் அடிப்பகுதி குடைந்திருக்கும், மேலே நிற்பவனுக்குத் தெரியாது. பையைப் பிடித்தபடியே அவன் பின்னால் நடக்க, நானும் அவனோடு பின்னால் நடந்தேன். பட்டை மறைந்தது. உச்சி மறைந்தது. வெறும் கடல் மட்டும் இருந்தது.

"இங்க நில்லு. கடலுல உள்ளவனுக்கு விளக்கு தெரியணும். கரையில உள்ளவனுக்கு மறையணும்" என்றான்.

அங்கேயே நின்றோம். காற்று இன்னும் முதுகில் இருந்தது.

*

ஈஸ்ட்போர்னில் ஏறிய ரயிலில் ஆள் குறைவு. எதிரெதிர் இருக்கையில் உட்கார்ந்தோம். மறுநாள் இரவு அவனுக்கு வேலை, எனக்குக் காலையில். லூயிஸ் தாண்டும்போது வெளியே இருட்டிவிட்டது. தூங்கிவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

கண்ணைத் திறந்து, "அது எந்த வருசம் அணைச்சாங்க?" என்று கேட்டான்.

"எது?"

"பெல் டூட்."

"1902."

"நவுத்துனது தொண்ணூத்தொம்பதுல."

"ஆமா."

மணி பார்த்தான். ஊரில் விடிய இன்னும் நேரமிருந்தது. ஆனால் அப்பா மூன்று மணிக்கே எழுந்துவிடுவார், கடலுக்குப் போகாவிட்டாலும். போனை வாய்க்கருகே வைத்துக்கொண்டு மெல்லப் பேசினான்:

"யப்பா, நாந்தான். அந்த வெளக்க நவுத்துறதுக்கு தொண்ணூறு வருசத்துக்கு மேல முன்னயே அணைச்சாச்சு. புதுசு ஒண்ண கடலுக்குள்ளயே வச்சிட்டுதான் அணைச்சாங்க. ஆரும் அதப் பாத்து வரல்ல. நீ ஒறங்கு."