விட்டு விலகும் வேளை

பொறுமை உயர்ந்த பண்பு. அதில் ஐயம் கொள்வார் எவருமிலர். ஆனால் முதல் கரைந்து, உறக்கம் தொலைந்து, வீட்டார் முகத்தை நிமிர்ந்து நோக்கவும் இயலாத நிலையிலே ஒருவர் நட்டத் தொழிலைக் கட்டிப்பிடித்துக் கொண்டிருக்கிறாரே, அதுவும் பொறுமைதானா? அன்றி, பொறுமையின் போர்வை போர்த்திய பிடிவாதமா? வாணிபத்தை வாழ்வாகக் கொண்ட நம் குடும்பங்கள் சிந்திக்க வேண்டிய வினா இது.

தெற்கு நோக்கி வரும் காவிரி கிழக்கே திரும்பும் ஊர் கொடுமுடி. அவ்வட்டாரத்தின் செல்வம் மஞ்சள். வெட்டியெடுத்து, வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றி மூட்டை கட்டிவிட்டால் ஆண்டுக் கணக்கில் அதனை இருப்பு வைக்கலாம். தக்காளிக்கும் வாழைக்கும் இல்லாத இவ்வசதியே மஞ்சளின் வரம். அதுவே அதன் சோதனையும் ஆகும். அழுகும் பொருளை வைத்திருப்பவர் இன்றே விற்றாக வேண்டும். அழுகாத பொருளை வைத்திருப்பவருக்கோ, "நாளை ஏறும்" என்னும் நினைப்பு நாள்தோறும் புதிதாய்ப் பிறக்கிறது.

2010ஆம் ஆண்டின் இறுதியில் ஈரோட்டுச் சந்தையில் மஞ்சள் குவிண்டாலுக்கு ஏறத்தாழ 17,000 ரூபாய் விற்றது. 2012இல் அது 4,000 ரூபாய் அளவுக்கு வீழ்ந்தது. பன்னிரண்டாயிரத்தில் விற்க மனம் வராதவருக்கு எட்டாயிரத்தில் எப்படி வரும்? எட்டில் விற்காதவர் நான்கில் விற்பாரா? "தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன" என்று அமர்ந்துவிடுவது மனித இயல்பு. ஆனால் கணக்கு அப்படி அமர்ந்திருப்பதில்லை. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றாலும், நூறு மாதத்தில் கடன் இரு மடங்காகிவிடும். வட்டியைத் தவிர்த்தவருக்கும் கிடங்கு வாடகை உண்டு. மூட்டையைத் துளைக்கும் வண்டு உண்டு. பின்னாளில் விலை மீண்டும் 10,000 ரூபாயைத் தாண்டியது உண்மையே. எனினும் ஆண்டுகள் பல கழித்து வந்த விலையை, காத்திருந்தவரின் வெற்றி என்று எங்ஙனம் கூறுவது?

அப்படியானால், விலை சற்றே சரிந்தவுடன் கடையை மூடிவிட வேண்டுமா? அன்று. நம் உழைப்பால் திருத்தக்கூடிய தொழிலில் நிலைத்து நிற்பதே ஆண்மை. நம் உழைப்புக்கு அதில் இனி வேலையே இல்லை, வெறும் எதிர்பார்ப்பு ஒன்றே எஞ்சியிருக்கிறது என்னும்போதுதான் வினா எழுகிறது. அப்போது நம்மை நாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். இச்சரக்கு இன்று நம்மிடம் இல்லை, அதன் விலையளவு பணமே இருக்கிறது என்று கொள்வோம். அப்பணத்தால் இதே சரக்கை இன்று வாங்குவோமா? இனி இதில் போடப்போவது நம் பணமா, அல்லது உறவினர் நம்பி ஒப்படைத்த அமானத்தா? வீட்டாரிடம் மறைக்கும் கணக்கு ஏதேனும் நம்மிடம் உண்டா? மூன்றாவது கேள்விக்கு "உண்டு" என்பது விடையாயின், விலகும் வேளை வந்துவிட்டது மட்டுமன்று, கடந்தும் கொண்டிருக்கிறது.

விலகுவது எப்போது என்பதைவிட, விலகுவது எப்படி என்பதே பெரிய அறம். மதீனத்துச் சந்தையிலே தானியக் குவியலுள் கைவிட்டுப் பார்த்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், உள்ளே மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு, அதனை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவினார்கள். வண்டு துளைத்த பழைய மஞ்சளைப் புதியதெனச் சொல்லி விற்றுத் தப்புவோர் விலகியவர் ஆகார். சுமையை அடுத்தவர் தலையில் மாற்றி வைத்தவரே ஆவர். 2012இல் பெருந்துறைப் பகுதியில் ஈமு கோழி வளர்ப்புத் திட்டங்கள் சரிந்தன அல்லவா? அத்தகைய வலையில் சிக்கி, தாம் மீள்வதற்காகத் தம் உறவினரை உள்ளே இழுத்துவிடுவதும் இவ்வகையினதே.

மறுபக்கத்தாருக்கும் ஒரு கடமை உண்டு. முடிந்த பேரத்தை, வருந்தும் ஒருவருக்காக இருவரும் மனமொப்பி முறித்துக்கொள்வதை நம் மார்க்கச் சட்டம் "இகாலா" என்கிறது. அவ்வாறு விட்டுக்கொடுப்பவரின் தவறுகளை இறைவன் மன்னிப்பான் என்பது நபிமொழியின் கருத்து. வெளியேறும் கதவைத் திறந்து வைப்பவருக்கும் நன்மை உண்டு என்பது இதனால் விளங்கும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1095ஆம் ஆண்டில் பக்தாதின் நிஜாமியாக் கல்விக்கூடத்தைவிட்டு வெளியேறினார்கள். போவதா, இருப்பதா என்று மாதக்கணக்கில் தவித்தார்கள், நாவெழாது பாடம் சொல்லவும் இயலாமற் போயிற்று, உணவும் இறங்கவில்லை. எனினும், பிள்ளைகளின் வாழ்வுக்கு வேண்டியதை ஒதுக்கி வைத்துவிட்டு, எஞ்சியதை வழங்கிவிட்டே புறப்பட்டார்கள். அவர்கள் விட்டது வாணிபம் அன்று, பெரும் பதவி. ஆயினும் விலகும் முறை எத்தொழிலுக்கும் ஒன்றுதான்.

கடன்காரரிடம் நேரே சென்று கணக்கைச் சொல்வதும், மனைவி மக்களிடம் உண்மையை உரைப்பதும், இருப்பை உள்ளபடி காட்டி வந்த விலைக்கு விற்பதும் தோல்வி அல்ல. போன முதலை நாம் மீண்டும் ஈட்டலாம். போன நம்பிக்கையை ஈட்டுதல் அரிது. ஆகவே, நம்பிக்கை கையில் இருக்கும்போதே விலகுவோம்.