ஊதாத விசில்

கூடைப்பந்து ஆட்டத்தின் இறுதி விநாடிகள். இரு அணிகளுக்கும் இடையே ஒரே ஒரு புள்ளி வேறுபாடு. பின்தங்கிய அணியின் வீரர் பந்தைக் கூடையை நோக்கி எறியும்போது எதிரணி வீரர் அவரது கையில் அடித்துவிடுகிறார். நடுவர் விசில் ஊதினால் இரண்டு ஃப்ரீ த்ரோ வாய்ப்புகள் கிடைக்கும், முடிவே மாறக்கூடும். ஊதாவிட்டால் ஆட்டம் முடிந்துவிடும். நடுவரின் கடமை யாது?

'வெற்றி தோல்வியை வீரர்களே தீர்மானிக்கட்டும். நடுவர் குறுக்கிடலாகாது' என்பர் பலர். கேட்பதற்கு இது நடுநிலை போலவே தோன்றுகிறது. ஆனால் அடிபட்ட வீரருக்கு அந்த மௌனம் நடுநிலை அன்று. அவருக்குரியதை எடுத்து, விதியை மீறியவருக்கு அது அளித்துவிடுகிறது. செயலின்மையும் ஒரு செயலே. அதற்கும் பலன் உண்டு.

பின் ஏன் இந்தத் தயக்கம்? தவறாக ஊதினால் பழி நடுவரைச் சேரும். ஊதாமல் இருந்தால் தோல்வி வீரரின் திறமைக்குறைவாகிவிடும். செய்ததால் விளையும் தீங்கைவிடச் செய்யாததால் விளையும் தீங்கு சிறியது என்று நம்பவே மனித மனம் விரும்புகிறது. டோபியாஸ் மாஸ்கோவிட்ஸ், ஜான் வெர்தைம் ஆகியோர் 2011-இல் வெளியிட்ட நூலில், விளையாட்டு நடுவர்களிடம் காணப்படும் இந்த மனப்போக்கை ஆராய்ந்துள்ளனர்.

அமெரிக்காவின் என்.பி.ஏ. அமைப்பு, கடும் போட்டியாக முடியும் ஆட்டங்களின் கடைசி 2 நிமிடத் தீர்ப்புகளை மறுஆய்வு செய்து அறிக்கை வெளியிடும் முறையை 2015-இல் தொடங்கியது. தவறாக ஊதியவை மட்டுமின்றி, ஊத வேண்டிய இடத்தில் ஊதாமல் விட்டவையும் அதில் பிழைகளாகவே குறிக்கப்படுகின்றன. அறிக்கை ஆட்டத்தின் முடிவை மாற்றுவதில்லை. எனினும் மௌனமும் கணக்கில் ஏறுகிறது.

அப்படியானால் உடல் பட்டவுடனெல்லாம் ஊத வேண்டுமா? வேண்டியதில்லை. ஆட்டத்தைப் பாதிக்காத சிறு உரசலைப் பொருட்படுத்தாதிருக்க விதிகளே இடமளிக்கின்றன. ஆனால் அந்த அளவுகோல் முதல் நிமிடத்திலும் கடைசி நிமிடத்திலும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். தொடக்கத்தில் பெற்ற புள்ளிக்கும் இறுதியில் பெற்ற புள்ளிக்கும் மதிப்பு ஒன்றே. 'இது முதல் நிமிடத்தில் நிகழ்ந்திருந்தால் ஊதியிருப்பேனா?' என்று நடுவர் தம்மையே கேட்டுக்கொண்டால் போதும்; விலகி நிற்பது விவேகத்தாலா, அச்சத்தாலா என்பது விளங்கிவிடும்.

குடும்பத்திலும் அலுவலகத்திலும் அநீதியைக் கண்டு, 'நான் தலையிடவில்லை' என்று நாம் நிம்மதி கொள்வதுண்டு. நம்மையும் அவ்வாறே கேட்டுக்கொள்வோம்: இதில் நமக்குப் பழியே வராது என்றால், அப்போதும் மௌனமாகத்தான் இருந்திருப்போமா?