பெயர் பொறிக்கப்படாத கைங்கர்யம்

புதிதாக ஒரு மண்டபம் கட்டுவிப்பவர் உயர்ந்தவரா, பழைய மண்டபத்தில் நீர்க்கசிவு கண்ட அன்றே அதனை அடைப்பவர் உயர்ந்தவரா? பழுதுற்றதைச் சீர்செய்யும் ஜீர்ணோத்தாரணம் புதுநிர்மாணத்தினும் பன்மடங்கு புண்ணியம் தருவதென்பது பெரியோர் துணிபு. உலக வழக்கோ வேறு. மண்டபத்துக்குக் கல்வெட்டு உண்டு. விமானத்தில் முளைத்த அரசங்கன்றை இரண்டு இலைப் பருவத்திலேயே களைந்தவனுக்குக் கல்வெட்டு ஏது? (நம் ஊர்களில் குழல்விளக்கின் மீதுகூட உபயதாரர் பெயர் வெளிச்சத்தை மறைக்கிறது!)

உப்புக்காற்று வீசும் இக்கரையில் இக்கேள்வி ஏட்டளவில் நிற்பதன்று. கான்கிரீட்டினுள் உள்ள இரும்புக் கம்பி துருவேறினால் பருத்து, தன்னை மூடியிருப்பதையே பிளக்கும். மயிரிழை வெடிப்பு வெளியே தெரியும்போது உள்ளே கேடு வெகுதூரம் சென்றிருக்கும். தூத்துக்குடித் தோணிக்காரர் இதனை நன்கறிவர். கொழும்புக்குச் சரக்கேற்றிச் சென்ற மரத்தோணியைக் கரையேற்றி, பலகை இடுக்குகளில் பஞ்சும் குங்கிலியமும் எண்ணெயும் இட்டுக் கலப்பத்துப் பார்த்த பின்பே கடலில் இறக்குவர். நடுக்கடலில் நீர் புகுந்தபின் அது இயலுமா? அதே குங்கிலியந்தான் கொம்பரக்கு, தேன்மெழுகு, எருமை வெண்ணெய் முதலியவற்றோடு இடிபட்டு அஷ்டபந்தனமாகி, எம்பெருமானின் திருமேனியைப் பீடத்தோடு பிணைக்கிறது. தளர்ந்த பின் பார்த்துக்கொள்வோம் என்றில்லாமல், பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை ஸம்ப்ரோக்ஷணம் என்று நம் முன்னோர் வகுத்தனர்.

"எல்லாம் அழியக்கூடியதே, பகவத் ஸங்கல்பம் எப்படியோ அப்படி" என்பாருண்டு. வேதாந்தம்போல் ஒலிக்கும் சோம்பல் இது. உடையவன் அவன், நாம் சேஷபூதர். எஜமானனின் பொருளை அழியவிட்ட பணியாள், "அது தங்கள் ஸங்கல்பம்" என்று அவரிடமே சொல்வானாகில் எப்படியிருக்கும்? நாம் குடியிருக்கும் வீடும் இக்கணக்கில் சேர்ந்ததே.

அழிவது கல் மாத்திரமன்று. காளஹஸ்தியில் 1516இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ராஜகோபுரம், வெடிப்புகள் கண்ணுக்குத் தெரிந்து, 26-5-2010 அன்று சரிந்தது. நம் மாவட்டத்துத் திருச்செந்தூரில் 14-12-2017 அன்று கிரிப்பிரகார மண்டபத்தின் கூரை இடிந்து விழ, ஒரு பெண்மணி உயிரிழந்தார். அம்மண்டபம் முழுவதும் அகற்றப்பட்டது அதன் பின்னரே.

உரிய காலத்தில் செய்த மராமத்தின் பலன் யாதெனில், ஒன்றும் நிகழாமை. நிகழாத விபத்துக்கு நன்றி கூற எவரும் வருவதில்லை. காப்பாற்றப்பட்டவரும் தாம் காப்பாற்றப்பட்டதை அறியார். பலனில் பற்றின்றிக் கர்மத்தைச் செய்க என்று உபந்யாஸங்களில் கேட்டுத் தலையசைக்கிறோம். அதற்கு இதனினும் நேரான அப்யாஸம் அடியேனுக்குத் தெரியவில்லை.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பொழிந்ததை ஆஸ்திகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். உத்ஸவம் முடிந்து பந்தல் பிரிக்கும் நாளில் ஏணி கைவசம் இருக்கும். ஐப்பசி பிறக்குமுன், அதே ஏணியில் ஏறி மேல்தளத்து மழைநீர்த் தூம்புகளில் அடைந்துள்ள சருகை எடுத்துவிட இருவர் போதும், செலவும் இல்லை.