மரத்தின் முகம் எது?

சிறு தோட்டமுடைய நம்மவர் மாலையில் அதனைச் சுற்றிவந்து, துரியானையும் ரம்புத்தானையும் கைப்பேசியில் படமெடுக்கின்றனர். நன்று. ஆயின் இரப்பர் மரத்தண்டை வந்ததும் உச்சியையே நோக்குகின்றனர். உதிருமுன் செவ்வண்ணம் பூண்ட இலைகளே படமாகின்றன. வெட்டுப்பட்டை அழகற்றதாம்!

சாய்வாக இறங்கிய வெட்டுக்கோடுகளும், கத்தி ஆழ்ந்து பட்டவிடத்து எழுந்த முண்டுகளும், வெயிலேறினால் பால் குறையுமென்று இருளிலேயே நெற்றிவிளக்குடன் விரைந்த கைகளின் எழுத்தன்றோ? நிலப்பத்திரத்தில் உடையவர் பெயருண்டு. வெட்டியவரின் சுவடு இப்பட்டையிலன்றி வேறெங்குண்டு? மரத்தின் முகம் எதுவெனத் தீர்மானிக்கும் உரிமை நிலமுடையவருக்கே உரியதென்பதை நாம் ஒப்போம்.

கோலகங்சாரில் 1877-ஆம் ஆண்டு நட்ட இரப்பர் மரத்தைக் காண வெளியூராரும் வருகின்றனர். நம் மரங்களுக்கு அப்பேறில்லை. வருமாதம் நம் தோட்டத்தின் கீழ்வரிசை மறுநடவுக்காக வீழ்த்தப்படும். நாம் அடித்தண்டிலிருந்தே படமெடுத்து வருகிறோம்.